“சியாம்”னு கத்துறாங்களே, திட்டுறாங்களா?

அடுத்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஊர்ல இருந்து சிங்கப்பூர் வந்து ஆறு மாசம் ஆகுதாம். தெக்கா மார்க்கெட்ல சாப்பாட்டுத் தட்டோட இடம் தேடிக்கிட்டு நின்னப்போ, பின்னாடி ஒரு சீனப் பெரியவர் “சியாம்! சியாம்!”னு கத்திக்கிட்டே வந்தாராம். “அண்ணே, என்னைத் தாய்லாந்துக்குப் போன்னு விரட்டுறாரா?”ன்னு கேக்குறாரு. (சிரிக்கிறார்)

இல்ல தம்பி. தாய்லாந்துக்கு 1939 வரைக்கும் சயாம்னு பேரு, அது சரிதான். நம்ம பெரியவங்க காதுல அந்தப் பேரு விழுந்தா மரண ரயில்தான் ஞாபகம் வரும். 1942, 43-ல ஜப்பான்காரன் சயாம்ல இருந்து பர்மாவுக்குத் தண்டவாளம் போட மலாயாத் தோட்டத்துல இருந்து நம்ம ஆளுங்களை அள்ளிட்டுப் போனான், நெறைய பேர் திரும்பவே இல்ல. ஆனா நீங்க கேட்டது அது இல்ல. இது ஹொக்கியன்ங்கிற சீன வட்டார மொழி வார்த்தை. விலகு, ஒதுங்குன்னு அர்த்தம். இழுக்காம ஒரே வெட்டா சொல்லணும், “ஸ்யாம்”.

அப்புறம் ஏன் சுருக்குன்னு குத்துது? தமிழ்ல மரியாதை வினையோட வாலுல தொங்குது. “தள்ளுங்க”ன்னா நகர்ந்துருவோம், “தள்ளு”ன்னா சண்டைக்கு நிப்போம். ஹொக்கியன்ல அந்த “ங்க” கிடையாது. அதனால அவர் சொன்ன “சியாம்” நம்ம மண்டைக்குள்ள போனதும் “தள்ளுடா”ன்னு மாறிடுது. அவர் கையில கொதிக்கிற சூப்பு இருந்துச்சா, அதை நீங்க எழுதல. இருந்திருந்தா, உங்க முதுகைக் காப்பாத்தத்தான் கத்தியிருக்காரு.

அதுக்காக இது ரொம்ப நல்ல பிள்ளை வார்த்தைன்னும் சொல்ல மாட்டேன். கையில ஒண்ணும் இல்லாம, மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, ஈ ஓட்டுற மாதிரி கையை ஆட்டி “சியாம் லா”ன்னா, அது நம்ம “நடையைக் கட்டு” ரகம். சந்தேகமே வேணாம், அவமரியாதைதான். நானே சின்ன வயசுல லிஃப்டுல ஒரு ஆண்ட்டிகிட்ட விளையாட்டா சொல்லி, பத்தாவது மாடி வரைக்கும் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

இன்னொரு அர்த்தமும் இருக்கு, நழுவுறது. என்எஸ், அதான் கட்டாய ராணுவ சேவை, அதுக்குப் போன நம்ம பசங்க வாயில சரளமா வரும். “ட்யூட்டின்னதும் சியாம் பண்ணிட்டான்”னா கம்பி நீட்டிட்டான்னு அர்த்தம். 1979-லேயே சீன வட்டார மொழிங்களை விட்டுட்டு மாண்டரின் பேசுங்கன்னு அரசாங்கம் இயக்கம் தொடங்குச்சு, ஹொக்கியன் டிவியில இருந்தும் போயிருச்சு. ஆனா முகாம்லயும் காப்பிக்கடையிலயும் இந்த மாதிரி வார்த்தைங்களை யாராலும் அசைக்க முடியல. பாருங்க, தமிழ்ல “பண்ணு” கூடச் சேர்ந்து குடும்பம் நடத்துது!

நீங்க திருப்பிச் சொல்லலாமான்னும் கேட்டிருக்கீங்க. கூட வேலை பாக்குற கூட்டாளிகிட்ட, கையில பாரம் இருக்கும்போது சொல்லுங்க. முதலாளிகிட்ட, பெரியவங்ககிட்ட வேண்டாம், “எக்ஸ்கியூஸ் அங்கிள்” போதும், அவரே வழி விடுவாரு. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.