முயலை யார் பிடித்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி ஒரு குகை. குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, அந்தக் கிளியிடம் அரக்கனின் உயிர். இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவுதான். ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளிலும் இதே மாதிரி ஒருவன் உண்டு. பெயர் கஷ்சேய். அவன் சாவு ஓர் ஊசி முனையில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள். பெட்டியோ ஓர் ஓக் மரத்தின் உச்சியில்!

இந்தக் கதையை ஒருநாள் ராத்திரி என் அண்ணன் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தூக்கம். சீக்கிரம் முடிக்க வேண்டுமே என்று, இளவரசன் இவான் மரத்தைச் சாய்த்தான், பெட்டி உடைந்தது, ஓடிய முயலைத் துரத்திப் பிடித்தான் என்று அடித்துவிட்டேன்.

"பொய் சொல்லாதீங்க அத்தை. முயலை மனுஷன் ஓடிப் பிடிக்க முடியுமா?"

மாட்டிக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்து, நான் தாவிய இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. வழியில் இவான் ஒரு கரடியைப் பார்க்கிறான். வில்லை வளைக்கிறான். "என்னைக் கொல்லாதே, ஒருநாள் உனக்கு உதவுவேன்" என்கிறது கரடி. வில்லை இறக்குகிறான். அப்புறம் ஒரு வாத்து, அப்புறம் ஒரு முயல், இரண்டையும் அப்படியே விட்டுவிடுகிறான். கடற்கரை மணலில் ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடக்கிறது. அதை எடுத்துத் தண்ணீரில் விடுகிறான்.

கடைசியில் மரத்தை வேரோடு பிடுங்குவது அந்தக் கரடி. பெட்டிக்குள்ளிருந்து பாய்ந்த முயலைப் பிடிப்பது இவன் விட்ட முயல். பறந்த வாத்தை மடக்குவது இவன் விட்ட வாத்து. கடலில் விழுந்த முட்டையைக் கொண்டுவருவது மீன். யோசித்தால், நம் வீரன் ஊசியை ஒடித்ததோடு சரி! அவன் ஜெயித்தது பாதி வழியில், வில்லை இறக்கியபோதே.

விளாதீமிர் ப்ராப் என்ற ரஷ்ய ஆய்வாளர் நூறு மாயக் கதைகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் மாறாமல் வரும் 31 செயல்களைப் பட்டியலிட்டு 1928-இல் வெளியிட்டார். மாயப் பொருளோ மாயத் துணையோ கையில் சேரும் முன், வீரன் ஒரு சோதனைக்கு உள்ளாவதும் அதில் ஒன்று. சோதிப்பவர் கிழவியாக இருக்கலாம், எறும்பாக இருக்கலாம். தான் சோதிக்கப்படுவது பெரும்பாலும் வீரனுக்கே தெரியாது.

இப்போது குழந்தைகளுக்கு எழுதுகிற பலர் முதல் பக்கத்திலேயே மந்திர வாளைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு நாற்பது பக்கம் சண்டை. எனக்கென்னவோ கொட்டாவிதான் வருகிறது. சும்மா கிடைத்த வாளை யார் கையில் கொடுத்தாலும் அது வெட்டத்தானே செய்யும்? அந்தப் பையனே எதற்கு?

சரி, அன்று கதை முடிந்தது. விளக்கை அணைத்தேன். இருட்டில் மறுபடியும் குரல்.

"எல்லாத்தையும் விட்டுட்டானே, அன்னைக்கு ராத்திரி அவன் என்ன சாப்பிட்டான்?"

தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"கரடிக்குத் தேன் இருக்கிற இடம் தெரியும்ல?"

அடுத்த முறையிலிருந்து என் கதையில் கரடி தேனடையோடுதான் வருகிறது. வணக்கம்.