லேப்டாப் வாங்கும்முன் ஒரு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். "லேப்டாப் வாங்கணும், எது நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அதை எங்கே வைத்து வேலை செய்யப் போகிறீர்கள்? பலரும் அதை யோசித்திருப்பதே இல்லை. பட்ஜெட் தெரியும், லேப்டாப்பின் மூளையான புராசஸரின் பெயர் தெரியும். தினமும் தோளில் தொங்கப்போகிறதா, மேசையை விட்டே நகராதா என்பது தெரியாது.

விலை, வேகம், அளவு மூன்றும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். 2007-ல் ஏசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப் வந்தது. 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, மலிவான விலை. வேகம்தான் இல்லை. அடுத்த ஆண்டே ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேக்புக் ஏர் லேப்டாப்பைக் காகித உறையிலிருந்து உருவிக் காட்டினார். மெல்லிசுதான், ஆனால் விலை எங்கேயோ போய்விட்டது. யுஎஸ்பி போர்ட்டும் ஒன்றே ஒன்று. இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

இன்டெல் புராசஸரின் ஐ7 என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். இன்டெல் 12-ஆம் தலைமுறையில் 1255யு, 12700ஹெச் இரண்டுமே ஐ7தான். ஆனால் முதலாவதில் வேகமான கோர்கள், அதாவது கணக்குப் போடும் பகுதிகள், 2, அடுத்ததில் 6. முதலாவதன் அடிப்படை மின்தேவை 15 வாட், மற்றதற்கு 45. அந்தக் கடைசி எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. 45 வாட் சூட்டை வெளியே தள்ளப் பெரிய விசிறியும் செம்புக் குழாயும் வேண்டும். அதற்கு இடம் வேண்டும், கனமும் கூடும். அதே சிப்பை ஒல்லியான உடம்பில் அடைத்தால், சூடு ஏறியதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோ எடிட்டிங் போல நீண்ட நேரம் ஓடும் வேலையில் இது நன்றாகவே தெரியும்.

கடிதம், கணக்கு, வீடியோ கால் என்று இருப்பவர்களுக்கு யு வகையே தாராளம். மிச்சமாகும் பணத்தை ரேமில், அதாவது ஓடும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகத்தில் போடுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். பிறகு கூட்டவே முடியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கான நினைவகமும் அந்த ரேமிலிருந்தே போகும். 8 ஜிபி ரேம் உள்ள ஐ7, 16 ஜிபி ரேம் உள்ள, ஒரு படி கீழான ஐ5 இரண்டும் ஒரே விலை என்றால் நான் யோசிக்காமல் ஐ5 பக்கம் போவேன். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பெரும்பாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், அதில் கொஞ்சம் சிக்கனம் பார்க்கலாம்.

ஆனால் திரையைப் பிறகு மாற்றுவது பெரிய தலைவலி. வெளிச்சம் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருந்தால், பகலில் ஜன்னலோரம் எழுத்துக்குப் பதில் உங்கள் முகம்தான் தெரியும். அளவில் என் ஓட்டு 14 அங்குலத்துக்கு. அதிலும் 1920-க்கு 1200 புள்ளிகள் உள்ள திரை கிடைத்தால், வழக்கமான 1920-க்கு 1080 திரையை விடக் கூடுதலாக இரண்டு மூன்று வரி படிக்கலாம்.

எடை விஷயத்தில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு: விளம்பரத்தில் சொல்லும் கிலோவில் சார்ஜர் சேராது. கேமிங் மாடல்களில் அதுவே செங்கல் மாதிரி இருக்கும். டைப்-சி சார்ஜரில் ஓடும் மாடல் என்றால் போனுக்கும் அதுவே போதும், பையில் ஒன்று குறையும்.

கடைசியாக, கடையில் வைத்திருக்கும் மெஷினில் நின்றபடி நாலு வார்த்தை தட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். உட்கார்ந்து ஒரு பத்தி முழுக்கத் தட்டுங்கள். மூடியை ஓரத்தில் பிடித்துத் திறந்து, கீல் ஆடுகிறதா பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நன்றி, வணக்கம்.