ரயில் கட்டணமும் ஒரு நாட்குறிப்பும்

நண்பர்களே, ஹிட்லர் ஆட்சி நடத்திய யூதப் படுகொலையை ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் ரால் ஹில்பெர்க், வியன்னாவில் 1926-இல் பிறந்த யூதர். 1939-இல் ஹிட்லரிடமிருந்து தப்பி அமெரிக்கா போய், அந்நாட்டுப் படைவீரராக ஜெர்மனிக்குத் திரும்பியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யூதப் படுகொலையை ஆய்வுக்கு எடுத்தபோது, வழிகாட்டி பிரான்ஸ் நாய்மன் தடுக்கவில்லை. ஆனால் இதோடு உன் எதிர்காலத்துக்குச் சங்குதான் என்ற பொருள்பட எச்சரித்தார்.

அது மிகையில்லை. கையெழுத்துப் பிரதி திரும்பித் திரும்பி வந்தது. 1958-இல் ஜெருசலேமில் உள்ள யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷேமும் கைவிரித்தது. 1961-இல்தான் ‘ஐரோப்பிய யூதர்களின் அழிப்பு’ (The Destruction of the European Jews) என்ற அந்த நூல் சிக்காகோவில் வெளிவந்தது. அவரோ வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில், அதுவும் அரசியல் அறிவியல் துறையில், 1991 வரை பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

யாத் வஷேம் சொன்ன குறைகளில் ஒன்று, முழுக்க ஜெர்மானிய ஆவணங்களையே நம்பிவிட்டார் என்பது. உண்மைதான். அந்த ஆவணங்களில் என்ன இருந்தது? ரயில்வே கணக்கைப் பாருங்கள். முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டருக்கு 4 பென்னிக் (ஜெர்மானியச் சில்லறைக் காசு). 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதி. 4 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். 400 பேருக்கு மேல் என்றால் குழுச் சலுகை. காவலர்களுக்குப் போக வர டிக்கெட்; மற்றவர்களுக்குப் போவதற்கு மட்டும். ஏற்றிச் சென்றது பெரும்பாலும் சரக்குப் பெட்டிகளில்! ஹிட்லரின் எந்த மேடைப் பேச்சும் இந்தக் கணக்கைப் போல என்னை உலுக்கியதில்லை. குமாஸ்தாக்கள் இல்லாமல் இது நடந்திருக்காது என்று ஹில்பெர்க் அசைக்க முடியாமல் நிறுவினார்.

ஆனாலும் அவரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. உயிர் பிழைத்தவர்களின் சாட்சியத்தை அவர் ஓரமாகவே வைத்தார். பிழைத்தவர்களை வைத்து மாண்டவர்களை அளக்க முடியாது என்றார். நியாயமான வாதம். ஆனால் பெட்டிக்குள் குடிக்கத் தண்ணீர் இருந்ததா என்பதை எந்தக் கட்டண ரசீது சொல்லும்?

போலந்தின் வார்சாவில் யூதர்களை அடைத்துவைத்த பகுதியை நிர்வகிக்க நாஜிகள் அமைத்த யூதக் குழுவின் தலைவர் ஆடம் செர்னியாகோவ் நாட்குறிப்பு எழுதிவந்தார். 1942 ஜூலை 22 அன்று, மாலை 4 மணிக்குள் 6,000 பேரை ரயிலேற்ற ஒப்படைக்க வேண்டும், இனி தினமும் குறைந்தது இவ்வளவு என்று உத்தரவு வந்ததைக் குறித்திருக்கிறார். அனாதை விடுதிக் குழந்தைகளை என்ன செய்வது என்பதே அவரை அதிகம் வதைத்தது. மறுநாள் நஞ்சருந்தி இறந்தார்.

அந்த நாட்குறிப்பை 1979-இல் ஆங்கிலத்தில் பதிப்பித்தவர்களில் ஒருவர் இதே ஹில்பெர்க். என் வழக்கில் நான் முன்வைக்கும் முதல் சான்று அதுதான்.