வீடியோ பாத்து சைக்கிள் ரிப்பேர் கத்துக்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்காரு, "சார், வீடியோ பாத்தே வீட்ல சைக்கிள் ரிப்பேர் கத்துக்கலாமா, என்னென்ன டூல்ஸ் வாங்கணும்?"னு. நேத்து ராத்திரி பூரா இதுதான் மண்டைக்குள்ள ஓடுச்சு, ஏன்னா நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன், ரெண்டு வண்டியக் கெடுத்து.

கத்துக்கலாம் தம்பி. ஆனா வீடியோல வர்றது பளபளன்னு கியர் சைக்கிள், நட்டுல துரு இருக்காது, ஸ்பேனர வச்சதும் சுத்தும். நம்ம வீட்ல நிக்கிறது தாத்தா ஓட்டினது, பெடல் மாட்டுற கிராங்க அச்சோட பிடிச்சு நிறுத்த காட்டர் பின்னுன்னு ஒரு ஆணி, காத்தடிக்கிற மவுத்துல வால் டியூப்புன்னு ஒரு சின்ன ரப்பர் குழாய்.

நான் ஒரு நாள் பெடல் மாத்த உக்காந்தேன். வலது பக்கம் சுலபமா வந்துருச்சு. இடது பக்கம் அசையல, எண்ணெய் விட்டேன், சுத்தியால தட்டினேன், கடைசில ஸ்பேனர் மேலயே ஏறி நின்னேன். இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழலும், மிதிக்க மிதிக்க தானா கழண்டுக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. நான் கழட்டுறதா நெனச்சு இறுக்கிட்டு இருந்திருக்கேன்! வீடியோல அதச் சொல்லியிருந்தாங்க, நான்தான் அந்தப் பத்து செகண்டத் தள்ளிவிட்டுட்டேன்.

டூல்ஸா... பெடலுக்கு பெரும்பாலும் 15 எம்எம் ஸ்பேனர், டயர் கழட்ட லீவர் ரெண்டு, பம்ப்பு, பஞ்சர் ஒட்டுற பசை, அதான் சொல்யூஷன், உப்புத்தாள், போதும். என்னக் கேட்டா, ஏன் ரிப்பேர் ஆச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டிருக்கணும் நீங்க.

ரெகுலரா பாக்குறவங்க சிரிக்கிறீங்க, தெரியுது, திரும்பவும் முள்ளு கதைதான். ஒரே நாள்ல ஒரே ட்யூப்ப மூணு தடவ ஒட்டினேன், உப்புத்தாள் தேச்சு, சொல்யூஷன் காயவிட்டு, எல்லாம் வீடியோல சொன்னபடி. சாயங்காலம் மறுபடி காத்து போச்சு. டயருக்குள்ள விரல மெதுவா ஓட்டிப் பாத்தா கருவேல முள்ளு நுனி அங்கயே குத்திட்டு நிக்குது. அதனால திரும்பச் சொல்றேன், ஒட்டுறதுக்கு முன்னாடி முள்ளத் தேடுங்க. ஓட்டை ரிம் பக்கமா இருந்தா முள்ளு இல்ல, ஸ்போக் முனை. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டைன்னா காத்து கம்மியா வச்சுக் கல்லுல ஏத்தியிருக்கீங்க, ரிம் கடிச்சிருக்கு, அதுக்கு ஒட்டு மட்டும் போதாது, காத்த ஒழுங்கா அடிக்கணும்.

அடுத்து ஒரு அம்மா ஃப்ரீவீல் சத்தம் பத்திக் கேட்டிருக்காங்க, அதையும் பாத்துடலாம்.