கரப்பானுக்குக் காலை வகுப்பு வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். கரப்பான் பூச்சிக்குப் பாடம் நடத்துவதாக இருந்தால் காலையில் நடத்தாதீர்கள், வீண் வேலை. இது வேடிக்கைப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது.

கரப்பானுக்கு வெனிலா மணம் பிடிக்கும். பெப்பர்மிண்ட் அவ்வளவாக ஆகாது. அந்தப் பிடிக்காத மணத்தோடு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பழக்கினார்கள். மாலையிலும் இரவிலும் பழகிய பூச்சிகள், ருசி கண்டுகொண்டு பெப்பர்மிண்ட் பக்கம் சாய்ந்தன. பல நாள் கழித்தும் மறக்கவில்லை. காலையில் பழக்கியவற்றுக்கோ ஒன்றுமே ஏறவில்லை.

சரி, பகலில் பதுங்கும் பூச்சிதானே, தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இரவில் கற்ற பூச்சியை அதே காலை வேளையில் சோதித்தால், கற்றதைச் சரியாகக் காட்டுகிறது! மணம் தெரிகிறது, பழைய நினைவும் வருகிறது. புதிதாகப் பதிவது மட்டும் நின்றுபோகிறது. பூச்சிக்கு அறிவு மட்டு என்று எழுதுவதற்கு முன், சோதனை எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்பது நல்லது.

தேனீ இதற்கு நேர் எதிர். மணங்களை அது காலையில்தான் நன்றாகக் கற்கிறது. புதுப் பூக்களைத் தேடி அது கிளம்பும் வேளையும் அதுதானே! நேரத்தையே கற்றுக்கொள்வதிலும் அது கெட்டி. 1955-இல் ரென்னர் என்ற ஆய்வாளர், பாரிஸில் மூடிய அறைக்குள் குறித்த நேரத்தில் உணவு கொடுத்துப் பழக்கிய தேனீக்களை விமானத்தில் நியூயார்க் கொண்டுபோனார். அங்கும் அவை பாரிஸ் கணக்குப்படி, 24 மணி நேரம் கழித்துச் சாப்பிட வந்து நின்றன. உள்ளூர்ச் சூரியனை அவை பொருட்படுத்தவே இல்லை.

அப்படியானால் கடிகாரம் உடலுக்குள்தான் இருக்க வேண்டும். அதன் ஒரு முக்கியப் பாகம் 1971-இல் பழ ஈயிடம் அகப்பட்டது: 'பீரியட்' என்ற மரபணு. பழ ஈயின் குறுகிய கால நினைவும் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும், முன்னிரவில் உச்சம். அந்த மரபணு பழுதான ஈக்களும் கற்கத்தான் செய்கின்றன. ஆனால் எந்த வேளையில் கற்பித்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான்.