புளிப்பு பட்டால் திறக்கும் பொட்டலம்

தர்மபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் மருந்தியல் பாடம் நடத்துகிறவன். போன வாரம் பாலக்கோடு பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா கேட்டார், "ஊசி போட்டாச்சுன்னா மருந்து உள்ள போயிடுச்சுதானே சார்?" ரத்தத்துக்குப் போய்விடும், அம்மா. செல்லுக்குள் போய் வேலை பார்ப்பதுதான் பெரிய பாடு.

ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு வகை) போன்ற மருந்தை அப்படியே ஊசியில் ஏற்றினால் ரத்தத்திலேயே சிதைந்துவிடும். அதனால் கொழுப்பால் ஆன பொட்டலத்தில் வைத்து அனுப்புகிறார்கள். குறுக்களவு 80 முதல் 100 நானோமீட்டர் வரை. தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

கிருஷ்ணகிரிப் பக்கம் சீசனில் மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் இருப்பவர் மாங்காயைப் பார்த்தால் விட்டுவிடுவார். கல்லீரல் செல்லும் அப்படித்தான். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் அப்போ-ஈ என்ற புரதம் பொட்டலத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. செல் அதைப் பார்த்து, வழக்கமான கொலஸ்ட்ரால் சரக்குதான் என்று, தன் சவ்வையே பைபோல மடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஏமாந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்!

சரி, கேட்டைத் தாண்டியாகிவிட்டது. லாரி அடுத்து போவது எங்கே? அரவை இயந்திரத்துக்கு. செல்லிலும் அந்தப் பை நேராக லைசோசோம் என்னும் செரிமான அறைக்குத்தான் போகும். அங்கே போனால் மருந்து கூழ்தான். போகிற வழியிலேயே பையை உடைத்துக்கொண்டு குதித்தாக வேண்டும்.

இங்கேதான் புளிப்பு வருகிறது. பி.எச். என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். ரத்தத்தின் பி.எச். 7.4. பை செல்லுக்குள் போகப் போக, பைக்குள் அது 6, 5 என்று இறங்கும். காய்ச்சின பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறதல்லவா? புளிப்பு அங்கே பால் புரதத்தின் மின்னேற்றத்தை மாற்றிவிடுகிறது. பொட்டலத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பும் ரத்தத்தில் மின்னேற்றமில்லாமல் சாதுவாக இருக்கும். புளிப்பு பட்டதும் நேர்மின்னேற்றம் பெறும். பையின் உள்சுவரிலோ எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொள்ள, சுவர் குலைந்து மருந்து வெளியே வருகிறது. எப்போதுமே நேர்மின்னேற்றத்தோடு இருந்த பழைய வகைக் கொழுப்புகள் செல்லையே நோகடித்தன.

இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தும் தப்புவது எவ்வளவு? குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. (ஒரு புரதம் உருவாகாமல் தடுக்கும் குட்டி ஆர்.என்.ஏ.) வைத்து 2013-ல் வந்த ஆய்வொன்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் அரவைக்கும், திரும்ப வெளியே தள்ளப்படுவதற்கும். எனக்கு இன்னும் ஜீரணமாகாத கணக்கு இது. ஆனால் அந்த ஒன்றிரண்டே போதுமாக இருக்கிறது: 2018-ல் அமெரிக்கா அனுமதித்த பட்டிசிரான் மருந்து இந்த வழியாகத்தான் கல்லீரலுக்குள் போய், ஒரு பரம்பரை நரம்பு நோய்க்குக் காரணமான புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது.

அப்புறம் அந்தக் காலிப் பொட்டலம்? முதலில் வந்தவை உடம்பில் ரொம்ப நாள் தங்கின. இப்போது பல கொழுப்புகளில் எஸ்டர் என்ற, சுலபமாக வெட்டுப்படும் வேதிப் பிணைப்பு வைத்துச் செய்கிறார்கள். செல்லின் நொதிகளே அதை வெட்டிப்போட, துண்டுகள் கழிவோடு வெளியேறிவிடுகின்றன.