காற்றைக் கேட்டுவிட்டுக் கரைக்குப் போங்கள்

(மதுரையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

இராமேசுவரம் போகாத குடும்பம் இந்த அரங்கத்தில் அநேகமாக இருக்காது. ராத்திரி வேன் ஏறி, விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடியில் போட்டோ எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் பரமக்குடி தாண்டிவிடுகிறோம். கும்பிடப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் ஊர் பார்க்கவென்று கிளம்புகிறவர்களும் அதே வழியில் போய் அதே வழியில் திரும்புகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை. வடக்கே தொண்டியிலிருந்து தெற்கே மூக்கையூர் வரை ஒரு நீண்ட கரை கிடக்கிறது. அந்தக் கரையை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் இன்றைக்குப் பேசுகிறேன்.

முதலில் காற்று. இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். வடக்கே இருப்பது அமைதியான பெண்கடல், தெற்கே இருப்பது ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. ஆனால் பெண்கடல் வருஷம் முழுக்க அமைதியாக இருக்காது. வைகாசி, ஆனியில் தெற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை இறங்கினால் அப்படியே தலைகீழ். பாம்பன் பக்கத்து மீனவர்கள் அதற்கேற்றபடி படகை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள் என்பதுதான் என் யோசனை. லீவு கிடைத்தது என்று கிளம்பாமல், இப்போது எந்தக் காற்று, எந்தப் பக்கம் வலை இறங்குகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தொழில் நடக்கிற கரைக்குப் போனால்தான் அந்த ஊரின் பேச்சு, பாட்டு, சாப்பாடு எல்லாம் உங்களுக்குக் கிடைக்கும்.

சோழகக் காலத்தில் வடகடல் பக்கம் வாருங்கள். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. வேர்கள் தண்ணீருக்கு மேலே பின்னிக் கிடக்க, நடுவில் வாய்க்கால்போல வழி போகும், நாரையும் கொக்கும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அந்தப் பக்கம்தான் ஓரியூர். 1693 பிப்ரவரியில் போர்ச்சுகல் பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம், அங்கே மண்ணே சிவப்பு, மக்கள் அதைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகிறார்கள். சாதி, மதம் பார்த்து வருகிற கூட்டம் இல்லை அது. இன்னும் தெற்கே வந்தால் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற, நவக்கிரகங்களாகக் கும்பிடுகிற நவபாஷாணக் கற்கள், அதையும் தாண்டினால் ஆற்றங்கரை. உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிற வைகை கடலில் போய்ச் சேருகிற ஊர் அது. மதுரைக்காரர்களில் எத்தனை பேர் அந்த முகத்துவாரத்தைப் பார்த்திருப்போம்? பக்கத்து அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகளும், கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்தன. மதுரை ஒரு காலத்தில் கடலோடு பேசிய வாசல் என்று அந்த இடத்தைச் சொல்லலாம், அங்கே நிற்கும்போது எனக்கு உண்மையாகவே சிலிர்க்கும்.

கரைவலை இழுப்பதை ஒரு முறையாவது முழுசாகப் பாருங்கள். படகில் போய் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். மணிக்கணக்கில் ஆகும். இழுவை சோர்ந்தால் ஒருவர் அம்பா எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்தப் பாட்டுக்கு மேடை கிடையாது, கயிறு கையில் இருந்தால்தான் வரும். கடைசியில் வலையின் மடி கரைக்கு வரும்போது எல்லாரும் ஓடுவார்கள். சூடை மீனும் காரலும் துள்ளும், சில நாள் பாசியும் சொறி என்கிற ஜெல்லி மீனும்தான் மிஞ்சும். நீங்களும் கயிறைப் பிடிக்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பார்க்க வந்தவரை அவர்கள் ஒரு மாதிரிதான் நடத்துவார்கள், கூட இழுத்தவரிடம் பேச்சே வேறு.

பாம்பன் பாலத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-இல் வந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதுத் தூக்குப்பாலம், மூன்றும் எழுந்த இடம் அது. அதோடு திரும்பிவிடாமல் பாலத்துக்குக் கீழே இறங்கிச் சின்னப்பாலம் பக்கம் நடங்கள். அங்கே பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் போடுகிறார்கள். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து முங்குகிற தொழில் அது. இன்னொரு பாசி மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது, சுமார் 45 நாளில் அறுவடை. முதலில் கொண்டுவந்த கம்பெனியின் பேராலேயே அதற்குப் பெப்சி பாசி என்று பேர் நின்றுவிட்டது. இந்தப் பெண்களைப் போட்டோ எடுக்கத் துடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈரத்துணியோடு கரையேறுகிற அக்காவிடம் கேமராவை நீட்டாதீர்கள். முதலில் உட்கார்ந்து பேசுங்கள், அவரே சொன்னால் எடுங்கள். அப்புறம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. "தீவுக்குக் கூட்டிப்போகிறேன் சார்" என்று யார் அழைத்தாலும் அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். அங்கே நீங்கள் மிதிப்பது உயிருள்ள பவளப்பாறை.

தனுஷ்கோடியில் எல்லாரும் 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்க்கிறார்கள். அந்த மணலில் இன்றைக்கும் குடியிருப்பவர்களை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, மணலைத் தோண்டி ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் மொள்கிறார்கள். ஒரு வாய் கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள்.

வாடைக் காலத்தில் தென்கடல். கீழக்கரையிலிருந்து தொடங்குங்கள். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று சொல்கிறோமே, அந்தச் சீதக்காதி மரைக்காயரின் ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். அங்கே பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் சிற்பி செதுக்கிய கை தெரியும். தெருவில் தொதல் விற்கும். தேங்காய்ப்பால் ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை கிண்டிக் கிண்டி எடுக்கிற பண்டம், கிண்டுகிறவர் கை ஓய்ந்தால் அடி பிடித்துவிடும். கடையில் காக்காவிடம் (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பக்குவம் கேட்டால் அரைமணி நேரம் சொல்வார்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஏர்வாடி தர்கா. சந்தனக்கூடு ராத்திரியில் எல்லா மதத்தாரும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே தள்ளி உத்தரகோசமங்கை. "மண் முந்தியோ மங்கை முந்தியோ" என்று வயது சொல்லப்படுகிற ஊர். அங்கே மரகத நடராசர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருக்கிறார், மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பைக் களைவார்கள். பச்சை மேனியைப் பார்க்கத் திரள்கிற கூட்டத்தில் நின்று, களைந்த சந்தனத்துக்குக் கையேந்துங்கள். பக்கத்துப் பக்கத்து ஊரில் அங்கேயும் சந்தனம், இங்கேயும் சந்தனம். இந்தச் சீமையின் மனசு எனக்குப் பிடிபட்டது அப்படித்தான்.

மழை நன்றாகப் பெய்த வருஷமென்றால் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் நாட்டுக்கருவேல மரம் கொள்ளாமல் பறவை இறங்கியிருக்கும். இரண்டும் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. மழை பொய்த்தால் போகாதீர்கள், வெறும் வெடித்த மண்தான். வறண்ட சீமை என்று இந்த மாவட்டத்தைச் சொல்லிச் சொல்லியே நாம் அதைப் பார்க்காமல் விட்டோம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய கண்மாயை இராஜசிங்கமங்கலத்தில் வெட்டி வைத்தவர்கள், தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள். வானம் பார்த்த அந்தக் கரம்பையில்தான் குண்டு மிளகாயும் விளைகிறது. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாசி, பங்குனியில் போனால் களமெல்லாம் சிவப்பாகக் காயும், தும்மாமல் தாண்ட முடியாது.

அதே பருவத்தில் சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் பதநீர் இறங்கும். ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். பதநீரைக் கூப்பனிப் பாகாகக் காய்ச்சுகிற விடலிக் குடிசைக்குப் பக்கத்தில் போய் நின்றால், சிரட்டையில் ஊற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் ஓலையில் வழித்துத் தருவார்கள். கருப்பட்டி வாங்குவதென்றால் அங்கேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு நாளைக்குப் பல முறை பனை ஏறி இறங்குகிற உழைப்புக்கு அந்த விலையே குறைவு. இராமநாதபுரத்திலிருந்து சாயல்குடிக்குப் பஸ் இருக்கிறது, கீழக்கரை வழியாகக் கடற்கரைச் சாலையிலேயே போகும். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வெயில் ஏறிவிட்டால் பதநீர் காய்ச்ச ஆரம்பித்துவிடுவார்கள், குடிக்கக் கிடைக்காது.